சாம்பிள் ஃபெயில்னு வந்த நோட்டீஸ் டிராயர்ல கிடக்கு: பூச்சிமருந்து கடை நடத்துற வாசகிக்கு ஒரு வக்கீலோட பதில்

கடலூர் மாவட்டத்துல, பாண்டிச்சேரியைச் சேர்ந்த பாகூர் பார்டரை ஒட்டின ஒரு ஊர்லேருந்து ஒரு பொண்ணு நீளமா எழுதியிருக்காங்க. பேரும் ஊரும் வேணாம்னு கேட்டுக்கிட்டதால அடையாளம் தெரியாத மாதிரி சுருக்கி சொல்றேன்.

அப்பா பேர்ல லைசென்ஸ் உள்ள பூச்சிமருந்து கடை. அப்பாவுக்கு பக்கவாதம் வந்து படுக்கையில ஆனப்புறம் பி.எஸ்சி கெமிஸ்ட்ரி படிச்ச இவங்கதான் கல்லாவுல உக்காந்து எல்லாத்தையும் பாக்கறாங்க. வேளாண்மை துறையிலேருந்து வந்து இமிடாகுளோப்ரிட் 17.8 எஸ்எல் மருந்துல சாம்பிள் எடுத்துட்டு போனாங்க. அப்புறம் லேப் ரிப்போர்ட்டோட நோட்டீஸ் வந்துருக்கு, 17.8 சதவீதம் இருக்கவேண்டிய இடத்துல 12 சொச்சம்தான் இருக்காம், மிஸ்பிராண்டட்னு, அதாவது லேபிள்ல சொன்னபடி இல்லாத சரக்குன்னு போட்டிருக்காங்க. டிஸ்ட்ரிபியூட்டருக்கு போன் பண்ணா, "பயப்படாதம்மா, கம்பெனி பாத்துக்கும், நீ கடை லெட்டர்பேட்ல வெறும் கையெழுத்து மட்டும் போட்டு ரெண்டு ஷீட் அனுப்பு"ன்னு சொல்லியிருக்கார். இவங்களும் நோட்டீஸை டிராயர்ல போட்டுட்டாங்க. எனக்கு எழுதறப்போ 19 நாள் ஆயிருந்துச்சு.

இது போக, பின்னாடி குடோன்ல அப்பா காலத்து திமெட் பூச்சிமருந்து ரெண்டு பெட்டி கிடக்கு. பாகூர்ல மாமாவுக்கும் கடை இருக்கு, "அது பாண்டி கவர்மெண்டுதானே, அங்க தள்ளிவிட்டுடலாமா"ன்னு கேக்கறாங்க. சின்ன விவசாயிங்க கால் லிட்டர் கேட்டா லிட்டர் பாட்டிலை உடைச்சு ஊத்தி குடுக்கற வழக்கமும் உண்டு, அதுக்கு பில் கிடையாது. கடை முன்பக்கம் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு மூட்டை. பாகூர் பக்கத்து விவசாயி ஒருத்தர் இதே மருந்தை அடிச்சும் நெல்லைத் தாக்கற புகையான் பூச்சி நிக்கலை, மூணு காணி நெல்லு காஞ்சிடுச்சுன்னு நஷ்டஈடு கேட்டு தினம் வந்து நிக்கறார். கடைசியா, "மாட்டுக்கு புழு மருந்து, வலி ஊசி இதெல்லாமும் கொஞ்சம் வெச்சிருக்கோம், பாண்டியிலேருந்து ஒருத்தர் பைக்ல கொண்டாந்து போடுவார், அது பிரச்சினை இல்லைன்னு நெனைக்கறேன்"ன்னு ஒரே ஒரு வரி. நான் ஜெயிலுக்கு போவேனா, அப்பாவை கோர்ட்டுக்கு தூக்கிட்டு போகணுமா, கடையை மூடிடலாமான்னு மூணு கேள்வியோட லெட்டர் முடியுது.

அம்மா, முதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு படிங்க. நீங்க எதுக்கு பயப்படறீங்களோ அது அவ்ளோ பெருசு இல்ல, எதை ஒத்தை வரியில சாதாரணமா சொல்லிட்டு போறீங்களோ அதுதான் எனக்கு கவலையா இருக்கு. அதுக்கு அப்புறம் வர்றேன், ஏன்னா மொதல்ல ஒரு தேதி ஓடிக்கிட்டிருக்கு. உங்க லெட்டரை படிச்ச உடனே அந்த ஒரு விஷயத்தை மட்டும் உங்களுக்கு தனியா மெசேஜ் போட்டுட்டேன். இதே நிலைமையில வேற கடைக்காரங்க இருந்தா அவங்களுக்காக இங்கயும் விவரமா எழுதறேன்.

28 நாள் கணக்கு

நம்ம ஊர்ல பூச்சிமருந்து விக்கறதை பிடிச்சு வெச்சிருக்கறது 1968 பூச்சிக்கொல்லி சட்டமும் 1971 விதிகளும்தான். அந்த சட்டத்துல 24வது பிரிவு இருக்கு. லேப் ரிப்போர்ட்டோட காப்பி உங்க கைக்கு வந்த நாள்லேருந்து 28 நாளுக்குள்ள, "இந்த ரிப்போர்ட்டை நான் ஏத்துக்கல, இதை மறுத்து சாட்சியம் காட்டப்போறேன்"னு பூச்சிக்கொல்லி இன்ஸ்பெக்டருக்கு எழுத்துல சொல்லணும், கேஸ் ஏற்கனவே கோர்ட்ல இருந்தா கோர்ட்டுக்கு சொல்லலாம். சொல்லாம விட்டா அந்த ரிப்போர்ட்டே முடிவான சாட்சி ஆயிடும், அதுக்கப்புறம் தலைகீழா நின்னாலும் மருந்து நல்ல மருந்துதான்னு வாதாட வழியில்லாம போயிடும்.

பாதி கடைக்காரங்க இங்கதான் கோட்டை விடறாங்க. நோட்டீஸ்ல "விளக்கம் அளிக்கவும்"னு பாத்த உடனே யாரையாவது புடிச்சு "ஐயா, நாங்கள் சிறு வியாபாரிகள், இந்த ஒருமுறை மன்னிக்கவும்"னு ஒரு லெட்டர் எழுதி குடுத்துட்டு வந்துடறாங்க. மன்னிப்பு கேட்டா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஒரு பேப்பர் ஃபைல்ல ஏறிடும், இந்தப் பக்கம் 28 நாளும் போயிடும். நீங்க எழுதவேண்டியது நாலு வரிதான்: ரிப்போர்ட் நம்பர், தேதி, மருந்து பேரு, பேட்ச் நம்பர், காப்பி எங்களுக்கு இன்ன தேதியில கிடைச்சுது, 24(3) பிரிவுப்படி இந்த ரிப்போர்ட்டை மறுத்து சாட்சியம் காட்ட உத்தேசிச்சிருக்கோம், சாம்பிளை மத்திய பூச்சிக்கொல்லி ஆய்வகத்துக்கு அனுப்பி திரும்ப சோதிக்கணும்னு கேட்டுக்கறோம். அவ்ளோதான். நேர்ல ஒரு காப்பி குடுத்து உங்க காப்பியில ஆபீஸ் சீலும் தேதியும் வாங்குங்க, கூடவே ஸ்பீட் போஸ்ட்லயும் ஒண்ணு தட்டிவிடுங்க. லைசென்ஸ் அப்பா பேர்ல இருக்கறதால அப்பா பேர்லதான் போகணும், கையெழுத்து போட முடியலைன்னா கைநாட்டு வெச்சு ரெண்டு சாட்சி கையெழுத்து வாங்கிடுங்க.

இன்னொண்ணு, சாம்பிள் எடுக்கறப்போ மூணு பங்கா பிரிச்சு சீல் வெச்சிருப்பாங்க. ஒண்ணு லேபுக்கு, ஒண்ணு கோர்ட்டுக்கு, ஒண்ணு உங்களுக்கு. உங்க பங்கு கடையில எங்கயோ அலமாரியில கிடக்கும், தேடி எடுங்க, சீலை மட்டும் தொட்டுடாதீங்க. "நாமளே ஒரு பிரைவேட் லேப்ல குடுத்து பாப்போம்"னு யாராவது ஐடியா குடுப்பாங்க, சீல் உடைஞ்சா அந்த பாட்டிலுக்கு மதிப்பே இல்ல. கோர்ட்டுக்கு போற பங்கைத்தான் ஃபரிதாபாத்ல இருக்கற மத்திய ஆய்வகத்துக்கு அனுப்புவாங்க, அங்க வர்ற ரிப்போர்ட்தான் கடைசி வார்த்தை. அனுப்பலாமா வேணாமான்னு கோர்ட்தான் முடிவு பண்ணும், செலவை யார் கட்டணும்னும் கோர்ட்தான் சொல்லும்.

எக்ஸ்பைரி தேதியையும் குறிச்சு வெச்சுக்குங்க. நீங்க டைமுக்குள்ள மறுபரிசோதனை கேட்டும், கேஸ் போடறதுக்குள்ள மருந்தோட காலம் முடிஞ்சிட்டா, திரும்ப சோதிக்கற உரிமையே கைநழுவிப் போச்சுன்னு வாதாடலாம். 1999ல ஹரியானா அரசு போட்ட ஒரு பூச்சிக்கொல்லி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இதே காரணத்துக்காக கேஸ் ரத்தானதை சரின்னு சொல்லியிருக்கு. ஆனா டிராயர்ல நோட்டீஸை வெச்சுக்கிட்டு சும்மா இருந்தவங்க இதை கேக்க முடியாது, கேட்டும் கிடைக்காதவங்களுக்குத்தான் அந்த வாதம்.

ஜெயில் பயம்

மிஸ்பிராண்டட் மருந்து வித்ததுக்கு முதல் தடவைன்னா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா 10,000லேருந்து 50,000 ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். அதாவது ஜெயில் போட்டே ஆகணும்னு கட்டாயம் கிடையாது. போலீஸ் வந்து கூட்டிட்டு போயிடுவாங்கன்னு எழுதியிருக்கீங்க, அப்படி நடக்கறது இல்ல. அரசோட எழுத்து அனுமதி வாங்கித்தான் மாஜிஸ்திரேட் கோர்ட்ல கேஸ் போட முடியும், அதுக்கு முன்னாடி லைசென்ஸை சஸ்பெண்ட் பண்ணணும்னாலும் உங்ககிட்ட விளக்கம் கேட்டுட்டுதான் பண்ணணும், அந்த உத்தரவு மேல 30 நாளுக்குள்ள அப்பீல் உண்டு. அப்பாவை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு போகணுமேன்னு அழுதிருக்கீங்க. டாக்டர் சர்ட்டிஃபிகேட்டோட, நேர்ல ஆஜராக விலக்கு கேட்டு மனு போடலாம், இந்த மாதிரி உடம்புக்கு மாஜிஸ்திரேட்டுங்க பொதுவா மறுக்கறதில்ல.

இதைவிட முக்கியம் அதே சட்டத்தோட 30(3) பிரிவு. சில்லறை கடைக்காரர் மருந்து தயாரிக்கறவர் இல்ல, பாட்டிலுக்குள்ள என்ன இருக்குன்னு அவருக்கு தெரிய வழியில்லைன்னு சட்டத்துக்கும் தெரியும். அதனால மூணு விஷயத்தை நிரூபிச்சா நீங்க தப்பிக்கலாம். லைசென்ஸ் உள்ள கம்பெனி இல்லைன்னா டிஸ்ட்ரிபியூட்டர்கிட்டதான் வாங்கினேன். அது தரமில்லாததுன்னு எனக்கு தெரியாது, நியாயமா பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது. என்கிட்ட இருந்த வரைக்கும் ஒழுங்கா வெச்சிருந்தேன், வந்த நிலையிலயே இருந்துச்சு. நிரூபிக்கற பொறுப்பு உங்க தலையிலதான், துறை தலையில இல்ல, அதையும் மனசுல வெச்சுக்குங்க.

முதல் விஷயத்துக்கு இன்வாய்ஸ் வேணும். சும்மா இன்வாய்ஸ் இருந்தா பத்தாது, சாம்பிள் எடுத்த பாட்டிலோட பேட்ச் நம்பர் அதுல இருக்கணும். இன்னிக்கே ஃபைலை எடுத்து எழுத்து எழுத்தா ஒத்துப்பாருங்க, ஏன்னா அந்த ஒரு நம்பர்ல ஒரு எழுத்து மாறியிருந்தாகூட "இது நாங்க சப்ளை பண்ண சரக்கே இல்ல"ன்னு கம்பெனிக்காரன் கைகழுவிடுவான். உங்க லைசென்ஸ்ல அந்த கம்பெனியோட பி.சி. (அவங்க மருந்தை விக்க கம்பெனி குடுக்கற சான்று) ஏறியிருக்கான்னும் பாருங்க. மூணாவது விஷயம் குடோன். ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்ல, சித்திரை வெயில்ல, ஜன்னல் ஓரமா பெட்டி அடுக்கியிருந்தா எதிர்தரப்பு கேக்கற முதல் கேள்வி அதுவாத்தான் இருக்கும். சாம்பிள் எடுத்தன்னிக்கு அது எங்க இருந்துச்சுன்னு பஞ்சநாமாவுல, அதாவது அப்ப எழுதின மகஜர்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க.

இப்ப புரியுதா அந்த வெறும் லெட்டர்பேட் எதுக்குன்னு? டிஸ்ட்ரிபியூட்டர் கெட்டவர்னு நான் சொல்லல, ஆனா அவருக்கும் கம்பெனிக்கும் ஒரு வக்கீல் இருப்பார், அந்த வக்கீலோட வேலை அவங்களை காப்பாத்தறது. சரக்கு வெயில்ல இருந்து கெட்டுப்போச்சுன்னோ, வேற எங்கயோ வாங்கினோம்னோ உங்க லெட்டர்பேட்லயே டைப் அடிச்சா உங்க 30(3) அன்னிக்கே செத்துச்சு. ஒரு ஷீட்டும் அனுப்பாதீங்க, ஏற்கனவே அனுப்பிட்டீங்கன்னா அதை திருப்பி கேட்டு எழுத்துல ஒரு லெட்டர் போடுங்க. அவர்கிட்ட நீங்க கேக்கவேண்டியது வேற: அந்த பேட்ச் அவருக்கு எப்ப எந்த இன்வாய்ஸ்ல வந்துச்சு, அவரோட லைசென்ஸ் காப்பி, கம்பெனியோட தர அறிக்கை. வாட்ஸ்அப்ல கேட்டாலும் பரவாயில்ல, பதிவா இருந்தா சரி.

ஊத்தி குடுக்கறது

இதை நீங்க விவசாயிக்கு பண்ற உதவியா எழுதியிருக்கீங்க. முழு லிட்டர் வாங்க காசு இல்லாதவங்க இருக்காங்கதான், நானும் இந்த மாவட்டத்துக்காரந்தான், தெரியும். ஆனா உடைச்ச பாட்டிலுக்கு "வந்த நிலையிலயே இருந்துச்சு"ன்னு சொல்ல முடியாது. லேபிள் இல்லாம, லீஃப்லெட் இல்லாம மருந்து விக்கறதே தப்பு. அதைவிட ஒரு விஷயம் யோசிங்க. நீங்க ஊத்தி குடுக்கறது பெரும்பாலும் காலி குவார்ட்டர் பாட்டில்ல. அது வீட்ல மாடத்துல இருக்கு, யாரோ ஒருத்தர் தெரிஞ்சோ தெரியாமயோ குடிச்சுட்டு ஜிப்மருக்கோ கடலூர் ஜி.ஹெச்சுக்கோ தூக்கிட்டு போறாங்கன்னு வைங்க. டூட்டி டாக்டர் முதல்ல கேக்கறது "என்ன மருந்து, பாட்டில் கொண்டாந்தீங்களா". ஆர்கனோபாஸ்பேட் வகை பூச்சிமருந்துன்னா மாத்து மருந்தா அட்ரோபின் போடணும், இமிடாகுளோப்ரிட்டுக்கு அப்படி தனி மாத்து மருந்தே கிடையாது, அறிகுறியை பாத்துத்தான் வைத்தியம். லேபிள்ல இருக்கற அந்த முக்கோணம், மண்டையோடு, மாத்து மருந்து வரி எல்லாம் அந்த பத்து நிமிஷத்துக்காக போட்டது. சின்ன பேக்கிங் நிறைய மருந்துல கம்பெனியே போடறாங்க, 50 மில்லி, 100 மில்லி வருது, அதை வாங்கி வைங்க, ஒவ்வொண்ணுக்கும் பேட்ச் நம்பரோட பில் போடுங்க.

ஏன் கடைக்காரனை மட்டும் இப்படி புழியறாங்கன்னு கேட்டிருக்கீங்க, நியாயமான கேள்வி. இதே சட்டத்துல 38வது பிரிவு, விவசாயி தன் சொந்த சாகுபடி நிலத்துல மருந்து அடிக்கறதுக்கு இந்த சட்டம் பொருந்தாதுன்னு விலக்கு குடுத்திருக்கு. அதனால சட்டத்தோட கை எட்டற கடைசி இடம் உங்க கவுண்டர்தான், அதைத் தாண்டினா அது வயக்காடு.

திமெட்டும் பாகூரும்

திமெட்னு நாம சொல்ற ஃபோரேட், 2018ல மத்திய அரசு போட்ட தடை ஆணைப்படி 2020 டிசம்பர் 31லேருந்து இந்தியா முழுக்க தடை. அதே ஆணையில நுவான்னு சொல்ற டைகுளோர்வாஸும் ட்ரைஅசோபாஸும் போச்சு. பூச்சிக்கொல்லி சட்டம் மத்திய சட்டம், பாண்டிச்சேரிக்கும் அதேதான். பாகூர் ரோட்டுல பத்து நிமிஷம் வண்டி ஓட்டினா நாலு தடவை தமிழ்நாடு பாண்டின்னு மாறும், சாராய பாட்டில் விலை வேணா பார்டருக்கு பார்டர் மாறலாம், ஃபோரேட் தடை மாறாது. தடை பண்ண மருந்தை விக்கறது மட்டும் இல்ல, ஸ்டாக் வெக்கறதும் வண்டியில ஏத்தறதும் குத்தம். மாமா கடைக்கு அனுப்பினா உங்க தலையில இருக்கறது மாமா தலையிலயும் ஏறும், அவர் உங்களுக்கு உதவி பண்ணப்போய் தன் லைசென்ஸை இழப்பார்.

குழி தோண்டி புதைக்கறது, தென்பெண்ணையில கொட்டறது இதெல்லாம் கனவுல கூட வேணாம். காலாவதி மருந்துக்கு விதியிலயே வழி இருக்கு: தனியா பிரிச்சு, விற்பனைக்கு இல்லைன்னு முத்திரை குத்தி, தனி இடத்துல போர்டு மாட்டி வெச்சு, சுற்றுச்சூழல் கெடாத முறையில அழிக்கணும். அதே முறையில பெட்டி ரெண்டையும் ஒதுக்கி வெச்சு, பேட்ச் நம்பரோட லிஸ்ட் எடுத்து, வக்கீல் மூலமா லைசென்ஸ் குடுத்த அலுவலருக்கு எழுதி எப்படி ஒப்படைக்கறதுன்னு கேளுங்க. நீங்களா போய் சொல்றதுக்கும் அவங்களா வந்து கண்டுபிடிக்கறதுக்கும் கோர்ட்ல நிறைய வித்தியாசம். அந்த லெட்டரை லேப் ரிப்போர்ட்டை மறுக்கற லெட்டரோட சேத்து எழுதிடாதீங்க, ரெண்டும் வேற வேற விஷயம்.

முன்பக்க புண்ணாக்கு மூட்டையை இந்த வாரமே வேற கட்டடத்துக்கு மாத்துங்க. மனுஷனோ மாடோ சாப்பிடற பொருள் இருக்கற அதே கட்டடத்துல பூச்சிமருந்து வெக்கக்கூடாதுன்னு விதியே இருக்கு. "எல்லா கடையிலயும் அப்படித்தான் இருக்கு"ன்னு சொல்வீங்க, இருக்கு, ஆனா நோட்டீஸ் வந்திருக்கறது உங்க கடைக்கு.

மாட்டு ஊசிதான் பெரிய விஷயம்

லேபிள்ல மாட்டுத் தலை படமும் "மனித உபயோகத்துக்கு அல்ல, விலங்கு சிகிச்சைக்கு மட்டும்"ங்கற வரியும் இருந்தா அது பூச்சிமருந்து சட்டத்துல வராது, மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டம் 1940ல வரும். மெடிக்கல் ஷாப்புக்கு என்ன லைசென்ஸ் வேணுமோ அதுவேதான் இதுக்கும் வேணும். உங்க பூச்சிமருந்து லைசென்ஸ் இதுக்கு செல்லாது. லைசென்ஸ் இல்லாம மருந்து வித்தா தண்டனை மூணு வருஷத்துக்கு குறையாம அஞ்சு வருஷம் வரைக்கும், அபராதம் ஒரு லட்சத்துக்கு குறையாம. விசேஷ காரணம் எழுதி கோர்ட் குறைக்கலாம், ஆனா ஆரம்பமே மூணு வருஷம். இப்ப ஒப்பிட்டு பாருங்க, ராத்திரி தூக்கம் வராம நீங்க பயந்துக்கிட்டிருக்கற சாம்பிள் கேஸ்ல அபராதத்தோட முடிய வழி இருக்கு. கவலையே படாம அலமாரியில வெச்சிருக்கற ஊசியில அந்த வழி இவ்ளோ சுலபம் இல்ல. பைக்ல வர்றவர் பில் குடுக்கமாட்டார், அதனால இங்க நான் யார்கிட்ட வாங்கினேன்னு காட்டவும் உங்ககிட்ட ஒண்ணும் இருக்காது.

வலி ஊசின்னு பொதுவா எழுதியிருக்கீங்க, ஊசி மருந்து பாட்டில் மேல பேரை பாருங்க. டைக்ளோஃபினாக்னா அது மாட்டுக்கு போடறதையே தடை பண்ணி வருஷக்கணக்காச்சு, 2006ல கால்நடைக்கான தயாரிப்பை நிறுத்தச் சொன்னாங்க, 2008ல கெஜட்ல தடை வந்துச்சு. ஊசி போட்ட மாடு செத்து, அந்த உடம்பை தின்ன கழுகுங்க சிறுநீரகம் கெட்டு கூட்டம் கூட்டமா செத்ததுதான் காரணம், பிணந்தின்னிக் கழுகே நாட்டுல அரிதாப்போச்சு. மனுஷங்களுக்கான பெரிய ஊசி மருந்து பாட்டிலை வாங்கி மாட்டுக்கு போட்டாங்கன்னு 2015ல அதையும் 3 மில்லிக்கு மேல கூடாதுன்னு சுருக்கினாங்க. 2023ல கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக்ங்கற வலி மருந்து ரெண்டும் கால்நடைக்கு தடை ஆச்சு. மெலாக்ஸிகாம்ங்கற வலி மருந்து இருக்கு, ஆனா அதை டாக்டர் எழுதித்தான் வாங்கணும்.

பால் விஷயமும் இருக்கு. மாட்டு மருந்து லேபிள்ல, போட்டப்புறம் எத்தனை நாள் பாலை விக்கக்கூடாதுன்னு இருக்கணும், அந்த மருந்துக்கு தனியா உறுதி பண்ண கணக்கு இல்லைன்னா பாலுக்கு குறைஞ்சது 7 நாள், கறிக்கு 28 நாள்னு விதி. உங்ககிட்ட ஊசி வாங்கிட்டு போற அக்கா சாயங்காலமே சொசைட்டியில பால் ஊத்துவாங்க, அவங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

அதனால இன்னிக்கே விக்கறதை நிறுத்துங்க. பைக்ல வர்றவர்கிட்ட திருப்பி குடுக்காதீங்க, தூக்கியும் போடாதீங்க. என்னென்ன இருக்குன்னு ஒரு லிஸ்ட் மட்டும் எடுத்துக்கிட்டு, யாருக்கும் எதுவும் எழுதறதுக்கு முன்னாடி வக்கீலை நேர்ல பாருங்க. தன்னையே மாட்டிவிடற மாதிரி வாக்குமூலம் குடுக்க யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, அந்த உரிமை உங்களுக்கும் இருக்கு, அவசரத்துல அதை விட்டுடாதீங்க. மாட்டுக்கு மருந்து கேட்டு வர்றவங்ககிட்ட 1962க்கு போன் பண்ண சொல்லுங்க, கால்நடை ஆம்புலன்ஸ் ஊருக்கே வரும், இல்லைன்னா கால்நடை மருந்தகம் இருக்கு.

புகையான் விவசாயி

அவர்மேல கோவப்படாதீங்க, மூணு காணி போன வலி அவருக்கு. அவர் நுகர்வோர் ஆணையத்துக்கு போகலாம், 2012ல விதை வாங்கி நஷ்டப்பட்ட விவசாயிங்க கேஸ்ல, விவசாயியும் நுகர்வோர்தான்னு சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு. கடை கடலூர் மாவட்டத்துல இருக்கேன்னு நெனைக்காதீங்க, 2019 சட்டப்படி அவர் குடியிருக்கற இடத்துலயே, அதாவது பாண்டிச்சேரியிலயே கேஸ் போடலாம், ரெண்டு வருஷம் டைம் உண்டு.

மருந்து குறைபாட்டுக்கு முதல் பொறுப்பு தயாரிச்ச கம்பெனிக்கு. கடைக்காரர் எப்ப மாட்டுவார்னா, பொருளை மாத்தியிருந்தா, தானா ஒரு உத்தரவாதம் குடுத்திருந்தா, இல்லைன்னா தயாரிச்சது யாருன்னே தெரியாத சரக்கா இருந்தா. அதனால அவருக்கு குடுத்தது கம்பெனி பாட்டிலா, நீங்க ஊத்தி குடுத்ததாங்கறதுலதான் எல்லாம் இருக்கு, உங்க லெட்டர்ல அதை சொல்லல. பாட்டில்னா, "பேட்ச் நம்பர் இது, கம்பெனி இது"ன்னு பில் காப்பியோட குடுத்து அனுப்புங்க, அது அவருக்கும் உதவி உங்களுக்கும் பாதுகாப்பு. ஊத்தி குடுத்ததுன்னா வக்கீல் இல்லாம அவர்கிட்ட பேசாதீங்க. வெள்ளை பேப்பர்ல "நஷ்டம் தர்றேன்"னு எழுதறது, சொந்தக்காரங்க முன்னாடி பஞ்சாயத்து இதெல்லாம் எப்படி இருந்தாலும் வேணாம்.

கடையை மூடணுமா

வேணாம்மா. லைசென்ஸ் அப்பாவோடது, வீடு மாதிரி தானா உங்க பேருக்கு வந்துடாது, ஆனா நீங்களே தகுதியான ஆள். இப்ப பூச்சிமருந்து லைசென்ஸ் வாங்க படிப்புத் தகுதி வேணும், அதுல வேதியியல் பாடத்தோட டிகிரி ஒண்ணு. இத்தனை நாள் அந்த சர்ட்டிஃபிகேட்டை கல்யாணத்துக்குத்தான்னு பீரோவுல வெச்சிருந்தீங்களோ என்னவோ. உங்க பேர்ல புதுசா அப்ளை பண்ணுங்க, ஆனா சாம்பிள் விஷயத்தை மறைக்காம வக்கீலை கேட்டு எழுதுங்க. புது சட்டம் வருது, பழசெல்லாம் போயிடும்னு யாராவது சொன்னா நம்பிக்கிட்டு உக்காராதீங்க, சாம்பிள் எடுத்தன்னிக்கு என்ன சட்டமோ அதுதான் உங்க கேஸுக்கு.

வக்கீல் ஃபீஸ் நெனச்சு தயங்கறீங்கன்னு உங்க லெட்டர்லேருந்து தெரிஞ்சுது. பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, கடலூர் கோர்ட்ல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ்ல மனு குடுக்கலாம், 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம். போறப்போ எடுத்துட்டு போகவேண்டியது: நோட்டீஸ், லேப் ரிப்போர்ட், அது வந்த தபால் கவர், சாம்பிள் எடுத்தப்போ குடுத்த ரசீது, அந்த பேட்ச் இன்வாய்ஸ், லைசென்ஸ், ஸ்டாக் ரெஜிஸ்டர், அப்பாவோட ஆஸ்பத்திரி பேப்பர். கவரை தூக்கிப்போட்டுடாதீங்க, அதுமேல இருக்கற தபால் முத்திரையை வெச்சுத்தான் ரிப்போர்ட் உங்க கைக்கு எப்ப வந்துச்சு, 28 நாள் முடிஞ்சுதா இல்லையான்னு காட்டணும்.